சுடலைமுத்துவின் பதினொரு அறிக்கைகள்

சுடலைமுத்து எங்கள் இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு முதன்முதலில் வந்தது 1993 யூன் 8ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு. கூடம் கொட்டாஞ்சேனையில் இருந்தது. நான் வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் ஆறே முக்காலுக்குத் திறப்பேன். அன்று திறந்தபோதே அவர் வாசலில் நின்றார். முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்திருந்தார்; ஆனாலும் கண்ணிமை மயிரெல்லாம் மா ஒட்டி வெளுத்திருந்தது. ஊசி குத்தும்போது மூச்சுக்குள் ஒரு விசில் கேட்டது.

அவர் ஒஸ்வால்டின் பேக்கரியில் மா பிசைபவர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் அந்தப் பேக்கரி. ஒஸ்வால்டின் குடும்ப டொக்டர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த ஆளின் இரத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தாராம். அப்படித்தான் அவர் மார்ச், யூன், செப்டெம்பர், டிசெம்பர் என்று தவறாமல் வந்தார். எல்லாமாகப் பதினொரு தடவை. பதினொன்றும் என் கொப்பியில் இருக்கின்றன. அவரைப் பற்றி நான் எழுதுவது அவற்றையும், அவர் வாயால் கேட்டவற்றையும், பிறகு அவர் மனைவி சொன்னதையும் வைத்துத்தான்.

அவர் பிறந்தது 1958இல், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில். 1974இல் தோட்டங்களில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் போனபோது பதினாறு வயதில் கொழும்புக்கு வந்தார். புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று வருடம் பாத்திரம் கழுவினார். பிறகு ஒஸ்வால்டின் தகப்பனார் அவரைப் பேக்கரிக்கு எடுத்தார். மா மூட்டை தூக்கத்தான் எடுத்தது. ஆனால் பிசைந்த மாவைத் தட்டிப் பார்த்து, அந்தச் சத்தத்திலேயே இன்னும் எவ்வளவு நேரம் பொங்கவிட வேண்டும் என்று சொல்வாராம். ஐந்தாம் வருடம் மாவறை முழுவதும் அவர் பொறுப்புக்கு வந்துவிட்டது. மனைவி பழனியம்மாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் தோட்டத்திலேயே இருந்தார்கள். தீபாவளிக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் போய் வருவார்.

எண்பத்து மூன்று யூலைக் கலவரத்தில் ஒஸ்வால்டின் தகப்பனார் அவரை மாவறைக்குள் விட்டு, மூட்டைகளை வாசல்வரை அடுக்கி, வெளியே பூட்டுப் போட்டுவிட்டார். இரண்டு பகலும் இரண்டு இரவும் உள்ளே இருந்தார். தெருவில் நடந்ததெல்லாம் காதில் விழுந்ததாம். இதை அவர் என்னிடம் சொன்னபோது பயந்த கதையாகச் சொல்லவில்லை. “மாவுக்கு நடுவுல படுத்தா மெத்த மாதிரிங்கய்யா” என்றார். அதற்குப் பிறகு கொழும்பில் அவர் பயமில்லாமல் நின்ற இடம் அந்த அறை ஒன்றுதான். அந்த அறையின் மாத்தூசிதான் அவருடைய மூச்சை இறுக்கியது.

எங்கள் அறிக்கைத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் நூறு வெண்குழியங்களை எண்ணுவோம். எந்த வகை எத்தனை என்று வரிசையாக எழுதுவோம். அடியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும். டொக்டர் நாகேந்திரம்தான் கூடத்தின் சொந்தக்காரர். எண்ணிக்கை எங்களுடையது, கருத்து வைத்தியருடையது என்பது அவருடைய விதி. 1981இல் ஒரு ஆள் அந்த வெற்றுக் கட்டத்தில் தானே இரண்டு சொல் எழுதிக் கந்தோரில் காட்டி லீவு எடுத்துவிட்டார். அதன் பிறகு நான் ஒவ்வொரு தாளிலும் அந்தக் கட்டத்துக்குக் குறுக்கே அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்துவிடுவேன். டொக்டர் நாகேந்திரம் அதை மெச்சினார். நாளுக்கு அறுபது தாள் வரும். என் கோட்டைப் பார்த்ததும் கீழே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

சுடலைமுத்துவுக்கு முதல் எண்ணிக்கையில் இயோசினோபில் என்ற வகை பதினான்கு. சாதாரண ஆளுக்கு ஒன்று முதல் ஆறு வரை இருக்கும். பிறகு பதினாறு, பதினைந்து, பதினேழு, பத்தொன்பது. இப்படி ஏறி, 1995 யூன் 6ஆம் திகதி இருபத்திரண்டுக்கு வந்தது.

மறுநாள் அவர் தாளை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

“ஐயா, இந்த இருவத்திரெண்டுன்னு போட்டிருக்கே, அது என்னா சாமான்? ஒருக்கா கண்ணால பாக்கலாமுங்களா?”

காட்டுவது கருத்துச் சொல்வதாகாது என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. உள்ளே கூப்பிட்டு நுண்ணோக்கியில் பார்க்கவிட்டேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

“நடுவில செம்மஞ்சளா மணிமணியாத் தெரியுதோ?”

“தெரியுதுங்க. சீனி தூவுன பணிஸ் மாதிரி. ரெண்டு கண்ணு வேற வச்சிருக்கு.”

“அதுதான். அது வயித்துப் பூச்சி, புழுவோட சண்டை பிடிக்கவெண்டு உடம்பு வச்சிருக்கிற ஆள். அந்த மணியெல்லாம் நஞ்சு. புழுவுக்கு மேல கொட்டுறதுக்கு.”

“எனக்குப் பூச்சி இல்லீங்களே.”

“உங்கட உடம்பு மாத்தூளைப் பூச்சியெண்டு நினைச்சுக்கொண்டிருக்குது. காத்துக்குழாய்ச் சுவரில வேறொரு கலம் காவலுக்கு இருக்கு. மாத் தூசி பட்டவுடனே அது வெடிச்சு ஆக்களைக் கூப்பிடும். அப்ப உடனே ஒரு முட்டு வரும். பிறகு நாலஞ்சு மணித்தியாலத்தில இந்தச் செம்மஞ்சள் ஆக்கள் கூட்டமா வந்து மணியைக் கொட்டுவினம். புழு இல்லையே. உங்கட சுவர்தான் புண்படும், வீங்கும்.”

“அதான் வேல முடிஞ்சு அறைக்குப் போனப்பறம் ரெண்டாந்தரம் இழுக்குதா?”

“ஓம்.”

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “அப்ப இதுவும் செக்பொயின்ட்தானுங்க. மாக்காரனப் புடிச்சு வச்சுக்கிட்டுப் புலியாடான்னு கேக்குது” என்றார். முன்னறையில் தாள்களைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்த மஜீட் சத்தமாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அந்த வார்த்தையை அந்தக் காலத்தில் கதவு திறந்திருக்கும்போது சொல்லக் கூடாது.

புறப்படும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். “மொதலாளி சொல்லிட்டாருங்கய்யா. செப்டெம்பர்ல இது பத்துக்குக் கீழ வரலேன்னா மாவறையில நிக்கக் கூடாதாம். சைக்கிள்ல பாண் பெட்டியக் கட்டிக்கிட்டு வீடு வீடாப் போகணுமாம்.”

“நல்லதுதானே. நல்ல காத்துப் படும்.”

“காத்தும் படும், செக்பொயின்டும் படும். மட்டக்குளி போய் வர்றதுக்குள்ள ஒம்போது எடம். என் அடையாள அட்டையில பொகவந்தலாவ விலாசம். ஒவ்வொருத்தனும் ‘மெஹே மொகத கரன்னே’ம்பான். இங்க என்ன செய்யிறேன்னு நான் எத்தன பேருக்குச் சொல்லுறது? மாவறையில என்னைய யாரும் ஒண்ணும் கேக்குறதில்ல.”

ஒஸ்வால்ட் கெட்ட மனிதர் அல்ல. அந்த ஆளின் மூச்சைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் சுடலைமுத்துவுக்கு இருபத்திரண்டு என்ற எண்தான் எதிரியாகிவிட்டது. அதைப் பத்துக்குக் கீழே கொண்டுவந்தால் அறை அவருக்கு, இல்லாவிட்டால் தெரு.

செப்டெம்பர் 5ஆம் திகதி இரத்தம் எடுத்தேன். நூறு எண்ணினேன். இயோசினோபில் ஒன்றுகூட இல்லை. சாயம் பிழைத்துவிட்டதோ என்று அதே சாயத்தில் ஊறிய வேறொருவரின் தகட்டைப் பார்த்தேன். அதில் நான்கு இருந்தன. சுடலைமுத்துவின் இரத்தத்தில் இரண்டாவது தகடு இழுத்து இன்னும் இருநூறு எண்ணினேன். பூச்சியம். இன்னொரு வகையான நியூட்ரோபில் எழுபத்தெட்டுக்கு ஏறியிருந்தது.

மாவறையில் நிற்கும் ஒருவருக்கு இருபத்திரண்டு தானாகப் பூச்சியமாகாது. இரண்டும் சேர்ந்து வந்தால் அதற்கு ஒரு காரணத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அந்த ஆள் ஸ்டெரொயிட் குளிசை குடிக்கிறார். அந்தக் குளிசை செம்மஞ்சள் ஆட்களை இரத்தத்திலிருந்து துடைத்துவிடும்; இழுப்பும் அடங்கும். ஒரு வாரத்துக்கு அது நல்ல மருந்து. மாதக்கணக்கில் குடித்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி, வெளியிலிருந்து வருகிறதே என்று தன் வேலையை விட்டுவிடும். அதன் பிறகு குளிசையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உடம்பில் அதுவும் இராது, இதுவும் இராது; அடக்கிவைத்த இழுப்பு முழுப் பலத்தோடு திரும்பும். இது எனக்குத் தெரியும். 1972இல் படித்தது.

பூச்சியம் என்று எழுதினேன். கட்டத்துக்குக் குறுக்கே கோடு இழுத்தேன்.

மறுநாள் காலை அவர் தாளை எடுக்க வந்தார். கையில் கடதாசியில் சுற்றிய, பேக்கரியில் சுட்ட றோஸ் பாண். எப்போதும் கொண்டுவருவார், நோயாளியிடம் ஒன்றும் வாங்கக் கூடாதென்று நான் மறுப்பேன், மஜீட் வாங்கிக்கொள்வார். இரண்டு வருடத்தில் அதில் ஒரு துண்டுகூட நான் சாப்பிட்டதில்லை.

“என்ன முத்தண்ணே, ஒங்கட மொகம் இப்பிடிப் பொங்கிட்டு? மாவுக்குப் போடுற ஈஸ்ட்ட நீங்க திண்டுட்டீங்களா?” என்றார் மஜீட்.

உண்மையில் கன்னங்கள் உப்பி, முகம் வட்டமாகியிருந்தது. அதுவும் அந்தக் குளிசையின் அடையாளந்தான். சுடலைமுத்து வெட்கப்பட்டுக் கன்னத்தைத் தடவினார். “ஒடம்பு தேறியிருக்குன்னு மொதலாளியம்மாவும் சொன்னாங்க.” பிறகு தாளை என் பக்கம் திருப்பி, “ஐயா, இது சைபர்தானுங்களே? நல்ல நம்பருங்களா?” என்று கேட்டார்.

“எண்ணினதைத்தான் எழுதியிருக்கிறன். மிச்சத்தை டொக்டரிட்டைக் கேளுங்கோ.”

“டொக்டருக்கிட்டப் போனா அரை நாள் போயிருங்கய்யா. மொதலாளிக்கு இந்தத் தாள்தான் வேணும். பத்துக்குக் கீழன்னா சரி.”

ஆக, அந்தத் தாளை எந்த வைத்தியரும் பார்க்கப்போவதில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கருத்து வைத்தியருடையது என்ற விதி, ஒரு வைத்தியர் இருப்பார் என்பதன் மேல்தான் நிற்கிறது. இதை நான் அன்று யோசித்தேன் என்று சொல்ல முடியாது. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

டிசெம்பர் 5ஆம் திகதி மீண்டும் பூச்சியம். அன்று கவுண்டருக்கு முன்னால் நின்றபடியே அவர் சட்டைப்பையிலிருந்து இருமல் இனிப்புத் தகரடப்பா ஒன்றை எடுத்து, அதற்குள்ளிருந்து சின்ன வெள்ளைக் குளிசைகள் இரண்டைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினார். அந்தக் குளிசை எனக்குத் தெரியும். நான் தட்டிலிருந்த சிட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

1996 சனவரி கடைசி நாள் கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்தது. அதற்குப் பிந்திய வாரங்களில் பொலிஸ் சுற்றிவளைப்பு இல்லாத நாள் குறைவு. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று தடவை நடந்தது. நான் வேலைக்குப் போகும்போது அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, டொக்டர் நாகேந்திரத்தின் கடிதம் மூன்றையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டு போவேன்.

பெப்ரவரி 13ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை விடிகாலை கொட்டாஞ்சேனையில் சுடலைமுத்து வாடகைக்கு இருந்த வளவைச் சுற்றிவளைத்தார்கள். வேலை முடிந்து வந்து படுத்திருந்தவரைச் சாரத்தோடும் பெனியனோடும் கூட்டிக்கொண்டு போனார்கள். மட்டக்குளிச் சைக்கிளில் வரும் என்று அவர் பயந்தது, அறை வாசலுக்கே வந்தது.

மறுநாள் புதன்கிழமை பத்து மணிக்கு ஒஸ்வால்ட் எங்கள் கூடத்துக்கு வந்தார். பெரிய உடம்பு; வெயிலில் நடந்து முகம் சிவந்திருந்தது.

“மிஸ்டர் நாதன், நம்மட முத்துவ பொலிஸ்ல வச்சிருக்கிறாங்க. நேத்து ரெண்டு தரம் போயிட்டன். பொறுப்பான ஓஐசி இல்ல, நாளைக்கு வா, நாளைக்கு வா. ஆள் வருத்தக்காரன் எண்டு ஒரு பேப்பர் காட்டினா விடுவாங்க எண்டு ஒருத்தன் சொன்னான். அவன்ட பிளட் ரிப்போர்ட் ஒரு கொப்பி தாங்க.”

கோவையை எடுத்துக் கடைசித் தாளின் பிரதியைக் கொடுத்தேன். அவர் வாசித்தார். “இதில எல்லாம் நோர்மல் மாதிரியெல்லே இருக்கு? சைபர் எண்டால் வருத்தம் இல்லைதானே?”

“கடைசி ரெண்டிலயும் அப்பிடித்தான் இருக்கு.”

“அப்ப இத காட்டிப் பிரயோசனம் இல்ல.” தாளை மடித்தார். “வேற ஏதும் எழுதித் தர ஏலாதா? நீங்க எத்தினை வருஷமா அவன்ட ரத்தம் பாக்கிறீங்க.”

அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. அவருடைய தகரடப்பா எங்கே, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தீர்களா? அது நாக்கு வரைக்கும் வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. நான் எதையாவது சொன்னால், யார் சொன்னது என்று பொலிசில் கேட்பார்கள். ஒஸ்வால்ட் கள்ளமில்லாமல் என் பெயரைச் சொல்லுவார். யாழ்ப்பாண விலாசத்தில் பிறந்த கதிர்காமநாதன் என்ற பெயர், தடுத்துவைத்த ஒருவரின் கோவையில் ஏறும்.

“எங்களுக்குக் கருத்து எழுத அனுமதியில்லை” என்றேன்.

ஒஸ்வால்ட் எழுந்து போனார். அன்று அதை விதி என்று சொன்னேன். அது பயம்.

அந்தத் தகரடப்பா வேறெங்கும் இல்லை. பேக்கரி மாவறையில், கதவுக்குப் பின்னால் தொங்கிய அவருடைய வேலைச் சட்டையின் பையில் இருந்தது. ஒஸ்வால்ட் என்னிடமிருந்து போய் அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டுதான் அடுத்த மூன்று நாளும் தானே மா பிசைந்தார்.

17ஆம் திகதி சனிக்கிழமை காலை பத்தரைக்குச் சுடலைமுத்துவை விட்டார்கள். அடிக்கவில்லை, சோறும் கொடுத்தார்கள் என்று அவரே சொன்னாராம். ஒஸ்வால்ட் முச்சக்கரவண்டியில் பேக்கரிக்குக் கூட்டிவந்து தேத்தண்ணீர் கொடுத்தார். ஆள் கறுத்துச் சோர்ந்திருந்தார். எழுந்து நின்றபோது கால் தள்ளாடியது. வாந்தி எடுத்தார். இரண்டு மணிக்கு இழுப்புத் தொடங்கியது. குளிசை, சட்டைப்பை என்று கையால் காட்டினார் போலிருக்கிறது. சட்டை குளிருக்குக் கேட்கிறார் என்று நினைத்துத் தோளில் போர்த்திவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மூன்றரை. ஐந்து நாற்பதுக்கு இறந்தார். வயது முப்பத்தெட்டு.

திங்கட்கிழமை காலை மஜீட் சொல்லித்தான் எனக்குத் தெரியும். “நம்மட பாண் முத்தண்ணே மௌத்தாயிட்டாரு ஐயா” என்றார். அன்று நாற்பத்தொன்பது தாள் எழுதினேன். நாற்பத்தொன்பதிலும் கோடு இழுத்திருக்கிறேன். இப்போது கொப்பியைப் பார்த்தபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

மார்ச் 5ஆம் திகதி, அவர் பன்னிரண்டாம் தடவையாக வந்திருக்க வேண்டிய செவ்வாய்க்கிழமை, பழனியம்மா வந்தார். நாள் தெரிந்து வந்தவரல்ல. புருஷனின் சாமான்களை எடுத்துக்கொண்டு பின்னேர ரயிலுக்குப் போக வந்தவர். மெலிந்த, உயரமான பெண். கையில் ஒரு பொலித்தீன் பை. அதிலிருந்து பதினொரு தாளையும் எடுத்து, பழையது அடியிலும் புதியது மேலுமாகக் கவுண்டரில் வைத்தார். அவற்றின் மேல் தகரடப்பாவையும், நைந்துபோன ஒரு மருந்துத் துண்டையும் வைத்தார்.

“ஐயாதான் அவரு ரத்தம் பாத்ததுன்னாங்க. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாதுங்க. வருத்தம் சொகமாயிருச்சு, தாள்ல சைபர் வந்திருச்சுன்னு தீவாளிக்கு வந்தப்ப சொன்னாரு. புள்ளைங்களுக்குக்கூடக் காட்டுனாரு. பொறவு எப்பிடிங்க இழுத்துக்கிட்டுச் செத்தாரு?”

துண்டை விரித்துப் பார்த்தேன். 1995 யூலையில் ஒரு டொக்டர் ஏழு நாளுக்கு எழுதிக் கொடுத்தது. ஏழு என்ற எண்ணின் மேல் பல கடைகளின் முத்திரைகள் விழுந்து அது வாசிக்க முடியாமல் இருந்தது. அதே துண்டைக் காட்டிக் காட்டி ஏழு மாதம் வாங்கியிருக்கிறார்.

அவரை உட்கார வைத்துச் சொன்னேன். மாத் தூசி, செம்மஞ்சள் மணிகள், குளிசை அவற்றைத் துடைத்தது, சுரப்பி தூங்கிப்போனது, நாலு நாள் குளிசை இல்லாமல் போனது, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. முடிந்த பிறகு அவர் கேட்டார்.

“இது ஐயாவுக்கு எப்பத் தெரியும்?”

“செப்டெம்பர் அஞ்சாந் திகதி.”

அவர் தலையசைத்தார். மேலிருந்த தாளை எடுத்து, எழுத்துகளை விட்டுவிட்டு, அடியிலிருந்த கட்டத்தில் விரலை வைத்தார்.

“இந்தப் பொட்டி எதுக்குங்க?”

“ஏதும் சொல்ல இருந்தால் எழுதுறதுக்கு.”

“கோடு போட்டிருக்கு.”

“ஓம்.”

அடுத்த தாளைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகப் பதினொன்றையும் திருப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் விரலை வைத்து எடுத்தார். பிறகு தாள்களைத் தட்டிச் சீராக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். “ரயிலுக்கு நேரமாச்சுங்க” என்று எழுந்தார். மஜீட் அவரைப் பஸ் தரிப்பிடம் வரை கொண்டுபோய் விட்டார்.

நான் 2001 வரை அந்தக் கூடத்தில் வேலை செய்தேன். அந்தக் கட்டத்தில் சில தடவை எழுதியிருக்கிறேன். டொக்டர் நாகேந்திரம் ஒருமுறை கண்டித்தார், பிறகு விட்டுவிட்டார். அவற்றை இங்கே கணக்குக் காட்டப்போவதில்லை. அவை வேறு ஆட்களுடையவை.

பழனியம்மா தகரடப்பாவைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டுப் போனார். மறந்து விட்டாரா, வேண்டுமென்று விட்டாரா தெரியாது. திறந்து பார்த்தேன். உள்ளே குளிசைகள் இருந்தன. மூடியின் விளிம்பில் மா படிந்திருந்தது. குளிசைகளைத் தட்டில் கொட்டி எண்ணினேன். முப்பத்தாறு. மீண்டும் ஒருமுறை எண்ணினேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.